புதுச் சாமான் என்றால் நல்ல சாமானா?

- மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



நம்முடைய பாடப்புத்தகத்தில் 'ட்ரபுள் ஷூட்டிங்' என்று ஒரு அட்டவணை வரும். இடப்பக்கம் கோளாறு, நடுவில் காரணம், வலப்பக்கம் நிவாரணம். வலப்பக்கத்தை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான்: 'பாகத்தை மாற்றவும்.' பரீட்சையில் இதை எழுதினால் முழு மார்க். ஆனால் மாற்றிய பாகமே கோளாறாக இருந்தால்? அதற்கு அட்டவணையில் இடமே இல்லை. புத்தகம் எழுதியவர்களுக்குக் கடைத்தெருவைப் பற்றி அவ்வளவு நல்ல எண்ணம்!

நானும் என் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் ஒரு பிரீமியர் பத்மினியை உயிர்ப்பிக்க முயன்று வருகிறோம். நண்பனின் மாமா வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காகக் கோழி அடைந்து கிடந்த வண்டி. "ஓட வச்சா நீங்களே ஓட்டுங்கடா" என்று மாமா சாவியைக் கொடுத்துவிட்டார். 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்தில் கியர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி வேறு எது? இந்தப் பொழுதுபோக்கில் எங்களுக்குக் காசு வீணானது கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமைகள் வீணானது நிறைய. அதில் பெரும்பகுதி வண்டியின் குற்றமில்லை. கடையில் வாங்கிய புதுச் சாமானின் குற்றம். அதைக் கழற்ற வாங்கிய ஸ்பானரின் குற்றம்.

ஸ்பானரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பளபளவென்று குரோம் பூச்சு, மேலே 'குரோம் வனேடியம்' என்று எழுத்து, பன்னிரண்டு ஸ்பானர், ரெக்ஸின் பை, விலையோ ஒரு நல்ல ஸ்பானர் இரண்டின் விலை. யாருக்குத்தான் கை நீளாது? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டு ஒன்றை அந்த 13 ஸ்பானரால் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினோம். நட்டு அசையவில்லை, ஸ்பானர் வாயைத் திறந்துவிட்டது. நட்டின் ஆறு முனையும் மழுங்கி வட்டமாகிவிட்டது. அப்புறம் உளி, சுத்தியல், மண்ணெண்ணெய், கடைசியில் வெல்டிங் பட்டறை. மெட்ராலஜி லேபில் வெர்னியர் வைத்து அதே செட்டின் இன்னொரு 13 ஸ்பானரை அளந்தேன். பயன்படுத்தாத புது ஸ்பானர், வாய் 13.6 மில்லிமீட்டர் இருந்தது. பதினான்காக ஆசைப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டது போலும்.

நல்ல ஸ்பானர் என்பது அலாய் ஸ்டீலைப் பழுக்கக் காய்ச்சி ஃபோர்ஜ் செய்து, பிறகு ஹார்டனிங், டெம்பரிங் எல்லாம் முடித்து வருவது. ராக்வெல் சி அளவில் நாற்பதுக்கு மேல் கடினம் இருக்கும். சாதாரண மைல்ட் ஸ்டீலுக்கு முலாம் பூசினால் அது ஸ்பானர் ஆகாது. ஸ்பானர் வேஷம் போட்ட தகடு.

அடுத்தது கண்டன்சர். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன டப்பி இருக்கும், அதுதான் கண்டன்சர். பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் தடுத்து, காயிலில் மின்காந்தப் புலம் சட்டென்று சரிந்து ஸ்பார்க் பிளக்குக்கு முழு வேகத்தில் மின்சாரம் போக உதவுவது இதுதான். 0.2 மைக்ரோஃபாரட் சுமார். நாங்கள் வண்டியை முதன்முதலாகக் கிளப்பும் முன்பு பாயிண்ட், கண்டன்சர், பிளக் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. வண்டியும் கிளம்பியது! மாமா வீட்டில் எல்லோருக்கும் கேசரி.

பத்து நிமிஷம் ஓடியது. பிறகு இருமியது, நின்றுவிட்டது. அரை மணி ஆறவிட்டால் மறுபடி கிளம்பும்; பத்து நிமிஷத்தில் மறுபடி நிற்கும்.

சூடானால் நிற்கிறது என்றால் புத்தகம் என்ன சொல்கிறது? பெட்ரோல் லைனில் வேப்பர் லாக் இருக்கலாம். காயில் பழுதாக இருக்கலாம். கார்புரேட்டரில் அடைப்பு, டைமிங் கோளாறு, வால்வ் கிளியரன்ஸ் குறைவு... எல்லாமே இருக்கலாம். முதல் ஞாயிறு கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினோம். இரண்டாவது ஞாயிறு ஃபியூயல் பம்ப், பெட்ரோல் பைப்புக்கு ஈரத்துணி வைத்தியம். மூன்றாவது ஞாயிறு காயிலை மாற்றினோம், வால்வ் கிளியரன்ஸ் அளந்தோம். அன்று சாயங்காலம் எங்களில் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு இதெல்லாம் கை வராதுடா." மறுவாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இப்போது சாயங்காலம் ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் போகிறான். எங்கள் நாலு பேரில் காது கூர்மையானவன் அவன்தான். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான்.

நாலாவது ஞாயிறு பழைய கண்டன்சரை, துரு பிடித்ததை, குப்பையிலிருந்து எடுத்து மாட்டினோம். வண்டி ஒரு மணி நேரம் ஓடியது. நிறுத்தியது நாங்கள்தான், பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று.

புதுக் கண்டன்சரை மறுநாள் எலக்ட்ரிகல் லேபுக்கு எடுத்துப்போனோம். அறை வெப்பத்தில் மீட்டர் சரியான மதிப்பைத்தான் காட்டியது. சுடுதண்ணீர் டம்ளரின் மேல் வைத்துச் சூடேற்றி மெகரில் பார்த்தால், உள்ளே இருக்கும் இன்சுலேஷன் தாங்கவில்லை, கசிகிறது. பழையது அதே சூட்டில் அசையவில்லை. மொத்தம் பதினைந்து நிமிஷ வேலை. மூன்று ஞாயிறும் ஒரு நண்பனின் தன்னம்பிக்கையும் போனது இந்தப் பதினைந்து நிமிஷ சோதனை நடக்காததால்தான். அவன் கை நன்றாகத்தான் இருந்தது ஐயா! கெட்டது கடையில் வாங்கிய சின்ன டப்பி.

மட்டமான சாமானின் பெரிய தீமை காசு நஷ்டம் அல்ல என்பேன். கற்கிறவன் தன் அறிவையே சந்தேகப்படும்படி அது செய்துவிடுகிறது. முப்பது வருஷம் பட்டறையில் இருக்கும் மெக்கானிக் புதுப் பாகத்தைக் கொஞ்சமும் நம்புவதில்லை. பேரிங்கைக் காதருகே வைத்து சுற்றிப் பார்க்கிறார். ரப்பரை இழுத்து முகர்ந்து பார்க்கிறார். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். போல்ட்டு தலையில் நம்பர் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கிறார். 8.8 என்றிருந்தால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்கும், அதில் எண்பது சதவீதமான 640 வரை நிரந்தரமாக நீளாது என்று நமக்குக் கணக்குத் தெரியும். அவருக்குக் கணக்கு தெரியாமலும் இருக்கலாம், ஆனால் நம்பர் இல்லாத போல்ட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார். நாம் கணக்கைப் போட்டுவிட்டு நம்பர் இல்லாத போல்ட்டை மாட்டுகிறோம்!

சரி, ஏன் இப்படிப்பட்ட சாமான் வருகிறது? பத்மினி உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பம்பாய் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிகளும் 2023 அக்டோபரோடு தெருவை விட்டுப் போய்விட்டன. வண்டி ஆயிரக்கணக்கில் ஓடியவரை பாகம் செய்தவனுக்கு வாடிக்கையாளர் பயம் இருந்தது. இன்று கெட்ட பாகம் போனால் திரும்பி வந்து சண்டை போட டாக்ஸிக்காரர் இல்லை. நம்மைப் போல நாலு பையன்கள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் வியாபாரத்தை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்லது, எது கெட்டது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது, நல்ல சரக்கு வைத்திருப்பவன் ஒதுங்கிக்கொள்வான், கெட்டதே நிலைக்கும் என்பது அதன் சாரம். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சொன்னதை நேரில் பார்க்க வேண்டுமானால் எந்த உதிரிபாகக் கடை வாசலிலும் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

"தம்பி, ஒரிஜினல் வேணுமா, சாதா வேணுமா?"

"ரெண்டுக்கும் என்ன அண்ணே வித்தியாசம்?"

"விலைதான்!"

சில சமயம் அது முழு உண்மை. டப்பா வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. பில் கேட்டால் முகம் மாறும். கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. "நல்லது வச்சா நீங்க எங்க வாங்குறீங்க, எல்லாரும் கம்மி விலைதானே கேக்குறீங்க" என்றார் ஒருவர். பாக்கெட் மணியில் பாகம் வாங்கும் நமக்கு அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆகவே இப்போதெல்லாம் நாங்கள் முதலில் போவது சென்னை புதுப்பேட்டைக்கு. பெயர்தான் புதுப்பேட்டை, அங்கே கிடைப்பது பழசு! உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஒரிஜினல் பாகத்தை, நாலு கடை ஏறி இறங்கி, பாயிடம் பேரம் பேசி வாங்கி வந்தால், பெயர் தெரியாத புதுசைவிட நன்றாக உழைக்கிறது. ரப்பர், பிரேக் சாமான்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் உதவாது, பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். வீல் சிலிண்டர் ரப்பர் கப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். நாங்கள் வாங்கியதில் ஒன்றைப் பிரேக் ஆயிலில் ஒரு வாரம் ஊறப்போட்டோம். பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. அப்படி உப்பினால் பிஸ்டன் சிக்கி, பிரேக் பிடித்த இடத்திலேயே நிற்கும். எங்கள் கார் ஷெட்டில்தான் நிற்கிறது, பாதகமில்லை. அதே கடையில் எனக்கு முன்னால் நின்று வேறொரு வண்டிக்கு ரப்பர் கிட் வாங்கிப்போனவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்.

'நம்ம ஊர் சாமான்னாலே இப்படித்தான்' என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பி, அவர்களிடமே சிறந்த சப்ளையர் விருதும் வாங்கியது. அதே சென்னையில் நான் வாங்கிய, முகவரி இல்லாத டப்பாவில் வந்த ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் விரலால் அமுக்கியதும் படுத்துக்கொண்டது. அம்பத்தூரிலும் கோவையிலும் சின்னச் சின்னப் பட்டறைகளில் படத்தில் போட்ட அளவு பிசகாமல் கடைந்து தருகிறார்கள். 'லோக்கல்' என்ற சொல்லைத் திட்டாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. வித்தியாசம் ஊரில் இல்லை. கடைசி மேஜையில் ஒருவர் கோ, நோ-கோ கேஜை வைத்துப் பார்த்து "இது ஆகாது" என்று தள்ளுகிறாரா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. அந்த மேஜையில் உட்காரப் போவது பெரும்பாலும் டிப்ளமோ படித்தவர்கள். நம் சீனியர்கள் பலர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள்.

இனி கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் ராக்வெல் மெஷின் இருக்கிறது. செமஸ்டருக்கு ஓரிரு முறை உறை கழற்றி, வருஷா வருஷம் அதே ஸ்பெசிமனில் குத்தி, அதே விடையை ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். அந்த ஸ்பெசிமனில் குத்துவதற்கு இடமே மிச்சமில்லை! விடை தெரிந்ததை அளப்பதில் என்ன சுவாரஸ்யம்? 8.8 போல்ட்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 22 முதல் 32க்குள் இருக்க வேண்டும் என்பது ஸ்டாண்டர்ட். கடையில் 8.8 என்று விற்கிற போல்ட்டை வாங்கி வந்து அங்கே வைத்துப் பார்க்கட்டுமே மாணவர்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் மெட்ராலஜி, மெட்டீரியல் டெஸ்டிங், எலக்ட்ரிகல் ஆகிய மூன்று லேபும் எங்களுக்குத் திறந்திருந்தால் போதும். லேப் அசிஸ்டென்ட் அண்ணன்களிடம் பேசிவிட்டோம். துறைத் தலைவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

சோதித்த சாமானைப் பதிவு செய்ய இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வாங்கிய தேதி, விலை, பில் உண்டா இல்லையா, இருக்க வேண்டிய அளவு, இருந்த அளவு என்று ஐந்து கட்டம் போட்டாயிற்று. முதல் பக்கத்தில் கண்டன்சர், இரண்டாம் பக்கத்தில் 13 ஸ்பானர், மூன்றாவதில் ரப்பர் கப். பைக் வைத்திருப்பவர்கள், வீட்டில் ஆட்டோ, வேன் ஓட்டுகிறவர்கள், வாங்கி ஏமாந்த சாமான் எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். டப்பாவையும் சேர்த்து.