மேசை லாச்சிக்குள் ஒரு கொம்பியூட்டர்

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு லாச்சி இருக்கும். பழைய நோக்கியா, எதற்கென்று தெரியாத சார்ஜர் வயர்கள், காது முறிந்த மூக்குக்கண்ணாடி, முடிந்துபோன பாஸ்போர்ட். அப்பா அம்மாவுக்கு எறிய மனம் வராது. எங்களுக்குக் கிளறிப் பார்க்க நேரம் வராது. பிள்ளைகளுக்கு எல்லாமே குப்பை.

இந்த முறை அந்த லாச்சிக்குள் கிடக்கிற ஒரு சாமானைப் பற்றிக் கதைப்போம். ஸ்மார்ட்போன் வருவதற்கு முதல், சட்டைப் பைக்குள் வைக்கிற அளவில் கையடக்கக் கணினிகள் வந்தன. பாம், கொம்பாக் ஐபாக், ஷார்ப் சாரஸ் என்று பல பேர்கள். பிளாஸ்டிக் குச்சியால் திரையில் தட்டி விலாசம், நாட்காட்டி, சின்னக் குறிப்புகள் எழுதி வைக்கலாம். இன்றைக்கு அது ஒன்றுக்கும் உதவாது என்றுதான் நினைப்போம். ஆனால் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்கு லினக்ஸ் போட்டுப் பார்ப்பது ஒரு நல்ல சனிக்கிழமைப் பின்னேர வேலை. காசும் பெரிதாகத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் அகப்பட்டது அப்பாவின் ஷார்ப் சாரஸ் எஸ்எல்-5500. இந்த மொடல் 2002 இல் வந்தது. அப்பா அதற்கு அடுத்த வருடம் கூட வேலை செய்த ஒருவரிடம் பழையதாக வாங்கினார். 3.5 அங்குலத் திரை, 206 மெகாஹேர்ட்ஸ் வேகம், 64 எம்பி நினைவகம். எட்டு ஜிபி நினைவகம் உள்ள இன்றைய போன் ஒன்றுக்குள் இதைப் போல 128 அடங்கும். கீழ்ப் பகுதியை இழுத்தால் உள்ளே குட்டி விசைப்பலகை. மகள் அதை நாலு தரம் இழுத்து மூடினாள். அதோடு சாமான் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது.

முதலில் உள்ளே இருப்பதை எடுங்கள்

லினக்ஸ் போடுவதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் நாங்கள் எழுதுவது பற்றறி உயிரோடு இருக்கும் வரைதான் நிற்கும். பற்றறி முற்றாக இறங்கினால் விலாசமும் நாட்காட்டியும் போய்விடும். சாரஸ் 5500 உம் அப்படித்தான். இருபது வருடம் லாச்சிக்குள் கிடந்த கருவிக்குள் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் அதன் மேல் பக்கத்தில் கொம்பாக்ட் பிளாஷ் கார்ட் போடுகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. கார்டில் எழுதியது பற்றறி இல்லாமலும் நிற்கும்.

லினக்ஸ் போட அதே கார்ட்தான் வேண்டும், அதுவும் வெறுமையாக்கிய கார்ட். ஆகவே அழிப்பதற்கு முதல் லாப்டொப்பில் போட்டு, முழுவதையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். நாங்கள் எடுத்தோம். அதில் இரண்டு மங்கல் படங்களும் ஒரு எழுத்துக் கோப்பும் இருந்தன.

2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு, எங்கள் பெற்றோரில் எத்தனையோ பேர் பல வருடங்களுக்குப் பிறகு ஊர் பார்க்கப் போனார்கள். அப்பா 2003 ஓகஸ்டில் போனார். போன இடத்தில் வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு, இந்தக் குட்டி விசைப்பலகையில் குத்திக் குத்தி எழுதியிருக்கிறார். யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த ஒழுங்கையில் இருந்தது, யார் கனடா போனது, யார் இல்லை. மொத்தம் 61 வரி. கருவியில் தமிழ் எழுத வழியில்லை, ஆகவே எல்லாம் ஆங்கில எழுத்தில்.

என் மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இது ஆங்கில எழுத்து என்றதும் கடகடவென்று வாசிக்கத் தொடங்கினாள், ஜேர்மன் முறையில். ஜெயம் 'யெயம்' ஆனார். வல்லிபுரம் 'ஃபல்லிபுரம்' ஆனார். கதிரையில் இருந்த அப்பா சிரித்துவிட்டுத் திருத்தினார்.

"ஃபல்லிபுரம் இல்லை ராசாத்தி, வல்லிபுரம். என்ர அப்பான்ர தமையன்."

"அம்மப்பா, அவர் இப்ப எங்க?"

"அவர் இல்லை. அவற்ற கிணத்தடியிலதான் நாங்கள் எல்லாரும் நீந்தப் பழகினது."

அன்றைக்கு 61 வரியில் 22 தான் முடிந்தது. அதில் பாதிப் பேரைப் பற்றி நானே முதல் தரம் கேட்கிறேன். கேட்டால் "அது பழைய கதை, விடு" என்று சொல்கிற மனுசன் அவர். பேத்தி பிழையாக வாசித்ததைத் திருத்தப்போய் வாய் திறந்தது.

எப்படிப் போடுவது

சாரஸ் கடையில் வாங்கும்போதே உள்ளே ஒரு வகை லினக்ஸோடுதான் வந்தது. அதை எடுத்துவிட்டு, ஆர்வலர்கள் சேர்ந்து செய்த ஓப்பன்சாரஸ் என்ற முறைமையைப் போடுவதுதான் வேலை. படிகள் குறைவு.

கார்ட் சிறியதாக இருக்க வேண்டும். இன்றைய பெரிய கார்ட்கள் இதற்குச் சரிவராது. லாப்டொப்பில் ஃபாட் முறையில் வெறுமையாக்கி, இரண்டு கோப்புகளைப் போட வேண்டும். ஒன்று கேர்னல், அதாவது முறைமையின் கரு. மற்றது மீதி எல்லாம் அடங்கிய பொதி. இரண்டுக்கும் கருவி எதிர்பார்க்கிற பெயரைச் சரியாக வைக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அது கண்டுகொள்ளாது.

கேர்னலைத் தெரியும்போது ஒரு கேள்வி வரும். 64 எம்பியை எப்படிப் பங்கிடுவது? பாதி ஓடுகிற நிரல்களுக்கு, பாதி கோப்பு வைக்க என்றும் பிரிக்கலாம். முழுவதையும் நிரல்களுக்கே கொடுத்துவிட்டுக் கோப்புகளைக் கார்டில் வைக்கவும் செய்யலாம். இதைப் பிள்ளையிடமே விடுங்கள். "இவ்வளவுதான் இருக்கு, எதுக்குக் குடுக்கிறது?" என்று யோசிப்பது, 128 ஜிபி போனோடு வளர்கிற பிள்ளைக்குப் புதுப் பழக்கம். என் மகள் முழுவதையும் நிரல்களுக்குக் கொடுத்தாள். பற்றறி இறங்கினால் கோப்புகள் போய்விடும் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

பிறகு கரண்ட் குத்தி, கார்டைச் செருகி, விசைப்பலகையில் சி, டி இரண்டு எழுத்தையும் சேர்த்து அமத்திப் பிடித்துக்கொண்டு பின்பக்க ரீசெட் பொத்தானைக் குத்த வேண்டும். இரண்டு கை போதாது, ஆகவே இது இரண்டு பேர் வேலை. இரண்டு சின்ன லைட்கள் பத்தும். திரையில் ஒன்றும் வராது. சில நிமிடம் சும்மா இருக்க வேண்டும். லைட் எரியும்போது கரண்டைக் கழற்றவே கூடாது. பாதி எழுதிய நிலையில் நின்றால் கருவி எழும்பாமல் போகலாம். லைட்கள் அணைந்ததும் இன்னொரு தரம் ரீசெட். எழுத்துகள் வரிவரியாக ஓடும். பிறகு திரையில் தோன்றுகிற சிலுவைகளைக் குச்சியால் தொடச் சொல்லும். தொட்டால் திரை எங்கே இருக்கிறது என்று அது பழகிக்கொள்ளும்.

செத்த கருவி ஏன் எழும்புகிறது?

ஒரு கருவியைச் செய்தவர்கள் அதைக் கைவிட்ட பிறகும் அது வேலை செய்ய வேண்டுமென்றால், அது எப்படி இயங்குகிறது என்பது வெளியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸில் அது எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யாரும் வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம்.

ஓப்பன்சாரஸ் வேலை 2007 இல் நின்றது. ஆனால் அதிலிருந்து முளைத்த ஒன்று இன்றும் ஓடுகிறது. 2003 இல் கிறிஸ் லார்சன், மைக்கல் லௌவர், ஹோல்கர் ஷூரிக் ஆகியோர் ஓப்பன்எம்பெடட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பின் இருவரும் ஜேர்மன்காரர். ஒவ்வொரு கருவிக்கும் முறைமையைத் தனித்தனியாகக் கட்டாமல், எந்த நிரலை எங்கிருந்து எடுத்து எப்படிச் சேர்ப்பது என்று குறிப்பு எழுதி வைத்தால் எந்தக் கருவிக்கும் சமைக்கலாம் என்பதுதான் யோசனை. அந்தக் குறிப்புகளுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ரெசிப்பி'. யொக்டோ என்கிற திட்டம் அதன் மேல்தான் நிற்கிறது. எல்ஜி தொலைக்காட்சிகளில் ஓடுகிற வெப்ஓஎஸ்ஸிலும், கார்களுக்கான லினக்ஸிலும் அந்தச் சமையல் முறை இருக்கிறது. லாச்சிக்குள் கிடந்த சாமானுக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு, வரவேற்பறையில் தொலைக்காட்சியை ஓட்டுகிறது. பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், ரிவியைப் பார்க்கிற பார்வையே மாறும்.

அதே காலத்தில் பெங்களூரிலும் இப்படி ஒன்று நடந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து சிம்பியூட்டர் என்ற கையடக்கக் கணினியைச் செய்தார்கள். சாரஸில் உள்ள அதே ஸ்ட்ரோங்ஆம் செயலி, உள்ளே லினக்ஸ். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்ட் இருந்தால் ஒரு கருவியை ஊரே பகிர்ந்து பாவிக்கலாம், எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு அதுவே வாசித்துக் காட்டும் என்பது கனவு. 2004 இல் அமிடா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, நினைத்த அளவுக்கு விற்கவில்லை. மலிவு கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்தது.

தமிழ் வருமா?

மகள் கேட்ட முதல் கேள்வி இதுதான். பதில் பாதி ஆம். ஒருங்குறியில் 'கொ' என்பது ககரமும் அதற்குப் பிறகு ஒரு உயிர்க்குறியும். அந்தக் குறியின் பாதியைக் ககரத்துக்கு முன்னாலும் பாதியைப் பின்னாலும் போட வேண்டும் என்று கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓப்பன்சாரஸில் பொதுவாகப் போடுகிற ஒபி என்ற முகப்பு பழைய கியூட்டி 2 இல் கட்டியது. அதற்கு இது தெரியாது. எழுத்துரு போட்டாலும் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். ஜீபீஈ என்ற மற்ற முகப்பு பாங்கோ என்கிற நூலகத்தைப் பாவிக்கிறது. தமிழை ஒழுங்குபடுத்த அதற்குத் தெரியும், யாரோ உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார்கள். ஒரு மொழி ஒரு கருவிக்குள் தானாகப் போவதில்லை, ஆள் வேண்டும். பிள்ளைக்கு இது விளங்கினால் அந்தப் பின்னேரம் வீணில்லை.

நாங்கள் ஒபியிலேயே நின்றோம். பட்டியலை லாப்டொப்பில் மூன்று நிரலாக்கினாள் மகள். முதலாவது தமிழ், அம்மப்பா சொல்ல நான் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது அம்மப்பா 2003 இல் எழுதியபடி. மூன்றாவது அவளுடைய யோசனை: ஜேர்மன் பிள்ளை வாசித்தாலும் பெயர் பிழைக்காதபடி ஜேர்மன் எழுத்துக் கூட்டல். "மச்சாளாக்களும் சரியா வாசிக்கோணும் தானே" என்றாள். மீதி 39 வரி வாரம் வாரம் நடக்கிறது.

கவனிக்க வேண்டியவை

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்றைய இணையத்தளங்கள் இதில் திறக்காது. பாதுகாப்புத் திருத்தங்களும் வருவதில்லை, ஆகவே வீட்டு வைஃபையோடு இணைக்காமல் விடுவது நல்லது. எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், சின்ன விளையாட்டு விளையாடலாம், கட்டளை தட்டிப் பழகலாம்.

பற்றறியை முதலில் பாருங்கள். ஊதியிருந்தால் சார்ஜில் போடவே வேண்டாம், குப்பை வாளிக்குள்ளும் போட வேண்டாம். ஊதிய பற்றறியை வேர்ட்ஸ்டொஃப்ஹோஃபில் கொண்டுபோய்ச் சொல்லிக் கொடுங்கள். மற்றபடி ஜேர்மனியில் 25 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பழைய மின்கருவிகளைப் பெரிய எலெக்ட்ரோனிக் கடைகளும், மின்சாமான் விற்கிற பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளும் ஒன்றும் வாங்காமலே திருப்பி எடுக்க வேண்டும், அது சட்டம்.

சாரஸ் இல்லாத வீடு என்றால் பழைய போனில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் முயற்சிக்கலாம். 2017 இல் தொடங்கிய இந்த லினக்ஸின் நோக்கமே ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்பது. உங்கள் மொடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போனின் பூட்டைத் திறக்கும்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். அதைவிடச் சுலபம் பழைய லாப்டொப். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால் எத்தனையோ நல்ல லாப்டொப்கள் மூலைக்குப் போயிருக்கின்றன. பல ஊர்களில் ரிப்பேர் கஃபேக்களில் லினக்ஸ் போட உதவுகிறார்கள். பிள்ளையையும் கூட்டிப்போங்கள், வேலையை அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

எதைத் தொடங்கினாலும் ஒழுங்கு ஒன்றுதான். முதலில் கார்டைப் பாருங்கள், பழைய போனின் படங்களைப் பாருங்கள், பிரதி எடுங்கள். அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பிள்ளையை வாசிக்க விடுங்கள். லினக்ஸ் அடுத்த கிழமையும் போடலாம்.