உரிமத்தில் ஒரு வரி: மறக்காமல் எழுதுங்கள்

மாணவர்களே, உங்கள் பள்ளியின் ரோபோட்டிக் கழகம் ஒரு நிரலை எழுதி, எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று இணையத்தில் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிட்டால் மட்டும் போதுமா? போதாது. பிறர் அதை நகலெடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று சொல்லும் உரிமம் வேண்டும். அது இல்லையென்றால், பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொருவரும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

திறந்த மூல மென்பொருள்களில் புகழ்பெற்ற உரிமம் ஜிபிஎல். ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய அதன் முதல் பதிப்பு 1989இல் வெளியானது. இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன. தொழில்நுட்பம் மாறும்போது புதிய சிக்கல்கள் எழுகின்றன. உரிமமும் அதற்கேற்பத் திருத்தப்படுகிறது. அப்படியானால், பழைய பதிப்பில் வெளியான நிரல் என்ன ஆகும்?

அதைத் தீர்மானிப்பது, நிரலை எழுதியவர் சேர்க்கும் ஒரு சிறு வரி. ‘இரண்டாம் பதிப்பு, அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு’ என்று எழுதினால், பயன்படுத்துபவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்று எழுதினால், பிறகு மாற்றுவதற்கு அதில் பதிப்புரிமை உள்ள அனைவரின் சம்மதமும் தேவை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். முப்பரிமாண அசைபடம் செய்ய உதவும் பிளெண்டர், ‘அல்லது பிந்திய பதிப்பு’ என்று எழுதியிருந்தது. பின்னாளில் அதில் அப்பாச்சி 2.0 உரிமம் கொண்ட பகுதிகள் சேர்ந்தன. அந்த உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும்; இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போகாது. அந்த ஒரு வரி இருந்ததால், பிளெண்டரை மூன்றாம் பதிப்பின்கீழ் வெளியிட முடிந்தது.

லிப்ரேகேட் என்னும் வரைபட மென்பொருளின் கதை வேறு. அது இரண்டாம் பதிப்பில் மட்டுமே உள்ளது. டிடபிள்யூஜி வகைக் கோப்புகளைப் படிக்க உதவும் லிப்ரேடிடபிள்யூஜி மூன்றாம் பதிப்பில் உள்ளது. இரண்டுமே இலவசம், இரண்டுமே ஜிபிஎல். ஆனாலும் இரண்டையும் ஒரே மென்பொருளாக இணைத்து வெளியிட முடியவில்லை.

ஆகவே, ‘அல்லது பிந்திய பதிப்பு’ என்று எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. நீங்கள் எஸ்.பி.எம். முடித்ததும் ஒருவர் பினாங்குக்கும் இன்னொருவர் ஜொகூருக்கும் போய்விடுவீர்கள். பத்து ஆண்டுகள் கழித்து எல்லாரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்குவது யார்?

இதற்கு மறுப்பும் உண்டு. லினக்ஸ் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்பதில் உறுதியாக இருக்கிறார். இன்னும் எழுதப்படாத ஓர் ஆவணத்துக்கு இன்றே ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? நியாயமான கேள்விதான். நாளைய பதிப்பு தளர்ந்துபோனால், நீங்கள் விதித்த நிபந்தனையும் தளர்ந்துபோகும். புதிய பதிப்புகள் பழையவற்றின் நோக்கத்தை ஒத்திருக்கும் என்று ஜிபிஎல் சொல்கிறது. ஆனாலும் அந்தப் பதிப்புகளை எழுதும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த நம்பிக்கை உங்களுக்கு இல்லையா? மூன்றாம் பதிப்பில் ஒரு நடுவழி இருக்கிறது. எந்தப் புதிய பதிப்பை ஏற்கலாம் என்று முடிவு செய்ய ஒரு பிரதிநிதியை நீங்களே குறிப்பிடலாம். அப்பொறுப்பை உங்கள் கழகத்திடமே கொடுக்கலாம். மாணவர்கள் மாறினாலும் கழகம் இருக்கும்.

எதையும் எழுதாமல் விடுவதும் ஒரு முடிவுதான். ஜிபிஎல் என்று மட்டும் போட்டுப் பதிப்பு எண்ணைக் குறிப்பிடாவிட்டால், வெளியான எந்தப் பதிப்பையும் பிறர் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த முறை நிரலைப் பதிவேற்றும் முன், குழுவாக உட்கார்ந்து பேசுங்கள். எண்ணையும் அந்த வரியையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.