பின்னால் உட்கார்ந்தவர் மூட்டையா, மேலாளர் அவர்களே?

மதிப்பிற்குரிய வட்டார மேலாளர் அவர்களுக்கு,

திமிரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பெயரையோ உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஏற்கெனவே அனுப்பிய மூன்று கடிதங்களை உங்கள் அலுவலகத்தில் யாராவது பிரித்துப் பார்த்திருந்தால், இவன் யார் என்று அவரே சொல்லிவிடுவார். முதல் இரண்டும் பதிவுத் தபால். மூன்றாவதை அனுப்பப் போனபோது பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டோம் என்றார்கள். அஞ்சல் துறையே மாறிவிட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

சட்டமும் விதியும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ராணிப்பேட்டையில் 26 வருடம் தோல் தரம் பிரித்தவன், அவ்வளவுதான். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகன் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறான். கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவன். போன வருடம் சித்திரையில் மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்து, பாதிக்கு மேல் கடனில், 452 சிசி ஹிமாலயன் வாங்கினான். மொபெட் தவிர எதையும் ஓட்டிப் பழகாதவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். ஆகவே, விபத்துக்குப் பிறகு உங்கள் சர்வேயர் வந்து, “புதுப் பையனுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதுக்குங்க?” என்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் நான் வண்டி வாங்குவதற்கு முன்னால் கேட்டேன்.

அன்று ஷோரூமில் உங்கள் ஆள் பாலிசி போட எங்களிடம் என்ன கேட்டார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆதார். பான். நாமினி பெயர். போன் நம்பர். எத்தனை வருடமாக ஓட்டுகிறாய் என்று கேட்கவில்லை. கையில் லைசென்ஸா, பழகுநர் உரிமமான எல்.எல்.ஆரா என்றும் கேட்கவில்லை. எல்.எல்.ஆர். அவன் சட்டைப்பையில்தான் இருந்தது; கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பான். 350 சிசிக்கு மேல் என்பதால் ஐந்து வருடத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 15,117 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 350 சிசிக்குள் நின்றிருந்தால் 7,365-உடன் முடிந்திருக்கும். அந்த விகிதம் அரசு வைத்தது, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்பதும் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர் கோயம்புத்தூரில் எலும்பு முறிவுகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ராஜசேகரன். அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, தாங்க முடியாமல் கோர்ட்டுக்குப் போன மனிதர். அவர் நினைத்தது வேறு, உங்கள் கவுன்டரில் நடப்பது வேறு.

சொந்தச் சேதத்துக்கான ஒரு வருடக் காப்பீடு தனி. அதையும் கட்டினோம். நான் கேட்பது அந்தப் பணத்தைப் பற்றித்தான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. ஆற்காடு–ஆரணி சாலையில் பயிற்சி. பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய தாய்மாமன். பதினெட்டு வருடமாக கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். டூவீலர் லைசென்ஸும் கனரக லைசென்ஸும் வைத்திருப்பவர். வண்டியில் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் ‘எல்’ ஒட்டியிருந்தோம். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். திமிரிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வயல் பக்கத்திலிருந்து ஒரு நாய் ஓடிவந்தது. பிரேக்கை அழுத்தினான், வண்டி சறுக்கி விழுந்தது. மாமனுக்கு முழங்காலில் தையல். வண்டிக்கு முன் ஃபோர்க் வளைந்து, ரேடியேட்டர் உடைந்து, டேங்க் நசுங்கி, 68,400 ரூபாய் எஸ்டிமேட். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

கிளெய்ம் போட்டோம். நாற்பது நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டியபோது “வாகனத்தில் பயணி ஏற்றப்பட்டிருந்ததால்” கோரிக்கை நிராகரிக்கப்படுகிறதாம்.

அந்த வரியை நான்கு தடவை படித்தேன். பயணியா? அவர்தான் கற்றுக்கொடுத்தவர், ஐயா. உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பேசியவர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். “சரிங்க, பின்னால யாரும் இல்லாம தனியா ஓட்டியிருந்தா பணம் கொடுத்திருப்பீங்களா?” என்று கேட்டேன். “அது எப்படி சார், எல்.எல்.ஆர். வெச்சுக்கிட்டு தனியா ஓட்டக்கூடாதே” என்றார். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்பார்கள். அது மாட்டைப் பற்றிச் சொன்னது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மேலாளர் அவர்களே, உங்கள் கணக்கில் என் மைத்துனர் யார்? கற்றுக்கொடுப்பவர் இல்லை என்றால், பயணி என்றால், திமிரிச் சந்தைக்கு ஏற்றிப்போன வேர்க்கடலை மூட்டையா? அப்படியென்றால் மூட்டைக்கு வாடகை எவ்வளவு, யார் கொடுத்தார்கள் என்றும் உங்கள் சர்வேயர் எழுதியிருக்க வேண்டுமே. மோட்டார் சைக்கிளில் ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் எங்கே உட்கார வேண்டும்? பின் சீட் பயணிக்கானது. முன் சீட் கற்றுக்கொள்பவனுக்கானது. மிச்சம் இருப்பது பெட்ரோல் டேங்க். அதிலா?

இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: அங்கே பத்தொன்பது வயதுப் பையன் பெரிய வண்டி வாங்கினால் லைசென்ஸிலேயே என்ஜின் பலத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிடுகிறார்களாம், இன்சூரன்ஸ்காரன் வயது, லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடம், ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துகிறாய் வரைக்கும் கேட்டு, அதற்குத் தகுந்த மாதிரி பணத்தை ஏற்றுவானாம். புதிதாக ஓட்டுகிறவனுக்கு அது கொடுமைதான். ஆனால் கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறான். இங்கே பதினெட்டு முடிந்து ‘கியர் உள்ள வண்டி’ என்று ஒரு லைசென்ஸ் வாங்கிவிட்டால் நூறு சிசிக்கும் அதுதான், ஆயிரம் சிசிக்கும் அதுதான். நீங்களும் சிசியைப் பார்ப்பீர்கள், வண்டியின் விலையைப் பார்ப்பீர்கள். ஓட்டுகிறவனைப் பார்ப்பது அவன் விழுந்த பிறகு.

என் தொழிலில் ஒன்று உண்டு. மண்டியில் பச்சைத் தோல் வாங்கும்போது முடி மூடியிருக்கும். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்து முடி நீக்கிய பிறகுதான் உண்ணிக்கடி தெரியும், கீறல் தெரியும். அப்போது மண்டிக்காரரிடம் போய், “தோல் சொத்தை, பணத்தைத் திருப்பிக் கொடு” என்று நின்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார். வாங்கும்போது பார்க்கவேண்டியது உன் வேலை என்பது ஆம்பூரிலிருந்து பெரியமேடு வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். எங்களுக்காவது முடி மறைத்தது. உங்களுக்கு எது மறைத்தது?

மகனுக்கு ஆடியில் லைசென்ஸ் வந்துவிட்டது. வண்டியை ரிப்பேர் செய்ய அவன் அம்மாவின் செயின் பேங்கில் இருக்கிறது. மைத்துனர் மட்டும், இனிமேல் எவனுக்கும் வண்டி கற்றுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். கால் வலியால் அல்ல, கடிதத்தில் தன்னைப் பயணி என்று எழுதிவிட்டார்களே என்று.

சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் இல்லை என்று தெரியும். அங்கே போகத்தான் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் கேட்பது பணம்கூட இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் மோட்டார் சைக்கிள் படம் வரைந்து, கற்றுக்கொடுப்பவர் உட்காரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்து, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எங்கள் ஊரில் எல்.எல்.ஆரோடு திரிகிற பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரிடமும் காட்டுகிறேன்.

என் மூன்று கடிதங்களுக்குத்தான் பதில் இல்லை. சொந்தச் சேதப் பாலிசி சித்திரையோடு முடிகிறது, உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் கம்பெனியிலிருந்து மகனின் போனுக்கு மூன்று குறுஞ்செய்திகள் வந்துவிட்டன. மூன்றாவது இன்று காலை 9.10-க்கு வந்தது.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் தகப்பன்,
திமிரி.