காலணிக்கு வந்த வாழ்வு

“தெருவில் பிறந்த கோலம் மேடையேறுகின்றது, எளியோரின் சுவையை வலியோர் ஏற்றுக்கொள்கின்றனர், இஃது எளியோரின் வெற்றியன்றோ?” என வாதிடுவோர் உளர். உடை நாகரிகம் பற்றி எழுதுவோரிடையே இவ்வாதம் வேதவாக்காகவே வழங்கி வருகின்றது. கேட்பதற்கு இனிமைதான். ஆயினும், டாக்டர் மார்ட்டென்ஸ் என்னும் காலணியின் வரலாற்றை ஒரு முறை புரட்டிப் பார்ப்பவர்க்கு, வென்றவர் யார் என்னும் ஐயம் எழாமல் போகாது.

1945ஆம் ஆண்டு பனிச்சறுக்கில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்ட செருமானியப் படை மருத்துவர் ஒருவர், தம் நோவு தீரக் காற்று அடைத்த மெத்தென்ற அடித்தளம் கொண்ட காலணியை உருவாக்கினார். இங்கிலாந்தின் வொல்லஸ்டன் என்னும் சிற்றூரில் சப்பாத்துத் தொழில் நடத்திவந்த கிரிக்ஸ் குடும்பத்தார் அதன் உரிமையைப் பெற்று, 1960 ஏப்ரல் முதல் நாள் தம் முதற்காலணியை வெளியிட்டனர். கயிறு கோக்க எட்டுத் துளை. ஓரத்தில் மஞ்சள் நூல் தையல். பிறந்த நாளையே குறிக்கும் ‘1460’ என்னும் எண். விலை இரண்டு பவுன். அஞ்சற்காரரும் காவலரும் ஆலைத் தொழிலாளரும் அதை வாங்கினர். அழகுக்காக அன்று, நாள் முழுதும் நின்று உழைக்கும் கால் நோகாதிருக்க வாங்கினர்.

அறுபதுகளின் இறுதியில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அக்காலணியைத் தம் கொடியாக்கிக்கொண்டனர். முடியை ஒட்ட வெட்டி, காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிய அவர்களை ‘ஸ்கின்ஹெட்’ என்றனர். தந்தை ஆலைக்கு அணிந்து சென்றதை மகன் தெருவிற்கு அணிந்து சென்றான். அதில் ஒரு வீறாப்பு இருந்தது. ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கறுப்பினத்தாரின் இசைக்கு அவர்கள் ஆடினர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஆனால், அதே கால்கள் தெற்காசியக் குடியேறிகளைத் தேடித் தேடி உதைத்ததும் உண்மை. எழுபதுகளில் நேஷனல் ஃபிரண்ட் என்னும் நிறவெறிக் கட்சி இவ்விளைஞருள் பலரைத் தன்பால் ஈர்த்தது. 1981 சூலை 3ஆம் நாள், பஞ்சாபியர் மிகுந்து வாழும் சௌத்தாலில், ஹாம்ப்ரோ டேவர்ன் என்னும் மதுக்கடையில் ஓர் இசை நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்கெனக் கிழக்கு இலண்டனிலிருந்து பேருந்துகளில் வந்திறங்கிய ஸ்கின்ஹெட் கும்பல் கடைகளைத் தாக்கியது. ஊர் இளைஞர் திரண்டெழுந்தனர்; அன்றிரவு அம்மதுக்கடை தீக்கிரையாயிற்று. கல்லில் படும் அக்காலணியின் ஓசை, அத்தலைமுறைக் குடியேறிகளுக்கு நாகரிகத்தின் ஓசையாகவா கேட்டிருக்கும்?

காலணியின்மீது மட்டும் பழிசுமத்துவது நேர்மையாகாது. 1978 ஏப்ரல் 30ஆம் நாள், நிறவெறியை எதிர்த்து டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவரை நடந்த பெரும் பேரணியிலும் அத்தகைய காலணிகள் நடந்தன. ‘பங்க்’ இசை இளைஞர் கறுப்பினத்தாரோடும் ஆசியரோடும் தோள் சேர்த்து வந்தனர். ஒரே காலணி; இரு வேறு பக்கம். இச்சிக்கல்தான் அதன் உயிர்.

இவ்வுயிரைத்தான் நாகரிக வாணிகம் முதலில் உறிஞ்சி எடுக்கின்றது. 1992இல் நியூயார்க்கில் மார்க் ஜேக்கப்ஸ் என்னும் ஆடை வடிவமைப்பாளர், சீயாட்டில் இசைக்குழுவினர் அணிந்த மலிவான சட்டையின் கட்டங்களைப் பட்டில் அச்சிட்டு மேடையேற்றினார். கனத்த காலணிகளும் உடன் ஏறின. அவர் வேலை பறிபோனது வேறு கதை. ஏழையின் கந்தலைப் பட்டில் நெய்து விற்கலாம் என்னும் பாடத்தைக் கடைத்தெரு கற்றுக்கொண்டது. அன்று முதல் ‘கலகம்’ என்பது விளம்பரத்திற்கு உகந்த சொல்லாயிற்று. எவர்க்கு எதிரான கலகம்? எதற்காக? விளம்பரம் அதைச் சொல்வதில்லை. சொன்னால் வாங்குவோருள் பாதிப்பேர் முகம் சுளிப்பர்.

எளியோர் வென்றனர் என்போர் வொல்லஸ்டனையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும். 2003இல் இங்கிலாந்துத் தயாரிப்பு நிறுத்தப்பட்டு ஆசியாவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. தலைமுறைகளாய்த் தோல் தைத்த கைகள் வேலையிழந்தன. 2007இல் அவ்வூரில் சிறு அளவில் தையல் மீண்டும் தொடங்கியது. ‘இங்கிலாந்தில் செய்தது’ என்பதற்கே தனி விலை. பெரும்பாலான இணைகளை இன்று வியட்நாம், லாவோஸ் முதலிய நாடுகளின் தொழிலாளரே செய்கின்றனர். அவர்தம் காலில் என்ன காலணி என எந்த இதழும் படம் எடுத்துப் போடுவதில்லை.

2014இல் 30 கோடி பவுனுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிய அவ்வணிகம், 2021இல் இலண்டன் பங்குச் சந்தையில் சுமார் 370 கோடி பவுன் மதிப்பில் ஏறிற்று. இரண்டு பவுனுக்கு விற்ற காலணி 150 பவுனைத் தாண்டிவிட்டது. பணத்தின் மதிப்புக் குறைந்ததைக் கணக்கிட்டாலும் இருமடங்குக்கு மேல். அஞ்சற்காரர் ஒருவர் அதை இன்று வாங்க வேண்டுமாயின் இருமுறை எண்ணிப் பார்ப்பார்.

புதிய காலணியைப் பழையதுபோல் தேய்த்து, நிறம் மங்கச் செய்து விற்பதும் இக்கடைத்தெருவில் உண்டு. உழைத்துத் தேய வேண்டிய தோல், உழைக்காமலே தேய்ந்து பெட்டிக்குள் வருகின்றது.