வகுக்கச் சொன்னீங்க, ஏன்னு சொன்னீங்களா?

பி.காம். படிக்கிறவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பத்தாம் வகுப்பில் மோல் கணக்கில் கோட்டை விட்டு, "உனக்கெல்லாம் காமர்ஸ்தான் சரிப்படும்" என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். (காமர்ஸ் என்ன தண்டனையா சார்?) போன வாரம் சித்தி பையன் அதே மாதிரிக் கணக்கோடு வந்து நின்றான். பழைய கோபம் எல்லாம் கிளம்பிவிட்டது.

8 கிராம் ஹைட்ரஜனை முழுசாக எரித்துத் தண்ணீராக்க எத்தனை கிராம் ஆக்சிஜன் வேண்டும்? சமன்பாட்டில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. பையன் பாதியாக்கி 4 கிராம் என்று எழுதியிருந்தான். அன்றைக்கு நானும் இப்படித்தான் எழுதினேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'மோலுக்கு மாற்று'. ஏன் மாற்ற வேண்டும்? ஒரு வார்த்தை கிடையாது. நிறையை மூலக்கூறு நிறையால் வகு, மனப்பாடம் பண்ணு, அடுத்த கணக்குக்குப் போ!

ஐயா, அந்த 2-ம் 1-ம் கிராமே இல்லை. இரண்டு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்ற எண்ணிக்கை. தராசு எடையைத்தான் காட்டும், எண்ணிக்கையைக் காட்டாது. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

நான் காசை வைத்துக் கேட்டேன். 2011-இல் வந்த வரிசையில் ஒரு ரூபாய்க் காசு 3.79 கிராம். காசு மட்டும் 379 கிராம் இருந்தால் எத்தனை காசு?

"நூறு."

"எண்ணினியா?"

"இல்லண்ணா, வகுத்தேன்."

அவ்வளவுதான்டா மோல்! மூலக்கூறு ரொம்பப் பொடிசு, அதனால் நூறு நூறாக எண்ணாமல் 6.022 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு என்று மூட்டை மூட்டையாக எண்ணுகிறோம். ஹைட்ரஜன் மூட்டை ஒன்று 2 கிராம், ஆக்சிஜன் மூட்டை ஒன்று 32 கிராம். 8 கிராம் என்றால் 4 மூட்டை. அதற்கு ஆக்சிஜன் 2 மூட்டை, அதாவது 64 கிராம். தண்ணீர் 72 கிராம், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் :-)

சூத்திரம் தெரிந்தால் மார்க் வந்துவிடுமே என்பார்கள். வராது. மோலிலிருந்து கிராமுக்குத் திரும்பச் சொன்னால் வகுப்பதா பெருக்குவதா என்று பையன் விழிப்பான். காசைப் புரிந்துகொண்டவன் விழிக்க மாட்டான். இத்தனைக்கும் முன்பு 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்து மோலை வரையறுத்த பன்னாட்டு அலகு முறையே, 2019 மே 20 முதல் நேராக ஒரு எண்ணிக்கையை வைத்துத்தான் வரையறுக்கிறது. நம் வகுப்பில் மட்டும் அது இன்னும் வெறும் வகுத்தல்.

பையன் நோட்டை மூடிவிட்டுக் கேட்டான், "இதை ஏண்ணா மிஸ் சொல்லல?"

அதை என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?