ஜாஸ் படிப்பு 1947-ல் வந்தது, கறுப்பின மாணவர்கள் எப்போது வந்தார்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கதை

ஏ.ஆர்.ரஹ்மானுக்கு 2014-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த பெர்க்லீ இசைக் கல்லூரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1945-ல் பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் தொடங்கிய சிறிய இசைப் பள்ளிதான் அது. அன்று பெரும்பாலான இசைத் துறைகள் ஜாஸை ஒரு பாடமாகவே மதிக்கவில்லை. இன்று அதில் முனைவர் பட்டமே வாங்கலாம். நடுவில் என்ன நடந்தது?

முதல் பட்டப்படிப்பு எங்கே?

டெக்சஸ் மாநிலத்தின் டென்டன் நகரில். இன்று நார்த் டெக்சஸ் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரி, 1947-ல் ஜீன் ஹால் பொறுப்பில் இதைத் தொடங்கியது. ஆனால் படிப்பின் பெயரில் 'ஜாஸ்' கிடையாது. 'டான்ஸ் பேண்ட்' என்றுதான் வைத்தார்கள். ஜாஸ்னாலே இரவு விடுதிதான் என்று பலர் முகம் சுளித்த காலம் அது.

இதுல என்ன சிக்கல்?

ஜாஸ், கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. அந்தக் கல்லூரியிலோ கறுப்பின இளங்கலை மாணவர்களுக்கு இடமே இல்லை. நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1956-ல்தான் முதல் மாணவி சேர்ந்தார். அதாவது, இசை உள்ளே போய் ஒன்பது வருஷம் கழித்து! போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் படிப்புச் செலவை ஏற்கும் சட்டம் 1944-லேயே வந்திருந்தது. அந்தப் பணம் இசைப் பள்ளிகளை வளர்த்தது. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்குப் பல கல்லூரிகளின் கதவு திறக்கவில்லை.

எப்போது மாறியது?

1960-களின் சிவில் உரிமைப் போராட்டத்தோடு. கறுப்பின மாணவர்களுக்கென்றே உருவான வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும் ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குத்தான் மரியாதை. 1968 மார்ச்சில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றி, கறுப்பின வரலாறும் பண்பாடும் பாடத்திட்டத்தில் வேண்டும் என்றார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் அங்கே ஜாஸ் கற்பிக்க வந்தார். அவருடைய மாணவர்களைக் கொண்டு உருவானதுதான் 'பிளாக்பேர்ட்ஸ்' குழு. இண்டியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் ஜாஸுக்கு முறையான பாடத்திட்டம் அமைத்தார். 1970-களில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் மேக்ஸ் ரோச், ஆர்ச்சி ஷெப் ஆகிய கலைஞர்களைப் பேராசிரியர்களாக்கியது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

முழுசா இல்லை. மேடையிலும் காதாலும் கற்ற கலை, வகுப்பறைக்கும் தேர்வுக்கும் ஏற்ப மாறியது. எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. கல்விக் கட்டணம் புதிய வேலியானது. பெண் கலைஞர்கள் ஓரங்கட்டப்பட்டதைக் கேள்வி கேட்க, 2018-ல் பெர்க்லீயில் டிரம்மர் டெர்ரி லின் கேரிங்டன் தனி மையமே தொடங்கினார்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்தது. ஜாஸ் இனி பாடத்திட்டத்தை விட்டுப் போகப் போவதில்லை. அந்த வகுப்பறையில் யார் உட்காருவார்கள் என்பதுதான் மறுபடியும் கேள்வி. 1947-ல் டென்டனில் யாரும் கேட்காமல் விட்டதும் இதைத்தான்.