ஓடும்போது மாஸ்க் போடணுமா? - அறிவியலும் 500 ரூபாய் அபராதமும்

2022 ஜனவரியில் காலை ஆறு மணிக்கு மெரினா நடைபாதையில் எதிரே வந்தவர்களின் மாஸ்க்கை மட்டும் கவனித்திருக்க வேண்டும். சிலருக்கு அது மூக்குக்கு மேலே இருந்தது, சிலருக்கு மூக்குக்குக் கீழே. நிறையப் பேருக்குத் தாடையில். ஓடியவர்களில் பாதிப் பேர் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தார்கள். தூரத்தில் போலீஸ் ஜீப் தெரிந்தால் எல்லா மாஸ்க்கும் ஒரே நேரத்தில் மூக்குக்கு ஏறியது. ஜீப் கடந்ததும் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

"மாஸ்க் போட்டுட்டு எப்படிங்க ஓடுறது, மூச்சு முட்டுது" என்பது ஓடுபவர்களின் புலம்பல். "இப்படி மூச்சு வாங்கிக்கிட்டு நம்மள உரசிட்டுப் போறாங்களே" என்பது நடப்பவர்களின் பயம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அறிவியல் என்ன சொல்கிறது, விதி என்ன சொன்னது, நாம் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அப்போது ஏன் இந்தக் கேள்வி?

பொது இடத்தில் மாஸ்க் இல்லாமல் இருந்தால் தமிழ்நாட்டில் அதுவரை 200 ரூபாய் அபராதம் இருந்தது. ஒமைக்ரான் அலை வேகமெடுத்த 2022 ஜனவரியில் அது 500 ரூபாய் ஆனது. நடைபாதையும் பூங்காவும் பொது இடம்தான்.

அபராதத்தை விட முக்கியமான இன்னொரு மாற்றமும் நடந்தது. சென்னைக் கடற்கரைகளில் மணலுக்குப் போகத் தடை இருந்தது. நடைபாதையில் வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டும் அனுமதி இருந்தது. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு அமலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு இருந்தது.

இதன் விளைவு என்ன? கூட்டத்துக்குப் பயந்து நாலரை மணிக்கே ஓடிக்கொண்டிருந்தவர் ஐந்து மணிக்குப் பிறகுதான் வெளியே வர முடிந்தது. மணலில் ஓடியவர் நடைபாதைக்கு வந்தாக வேண்டியிருந்தது. ஞாயிறு மட்டும் ஓடுகிற ஐ.டி. ஊழியர் வேறு நாளுக்கு மாற வேண்டியிருந்தது. ஆட்கள் அதே ஆட்கள், ஆனால் நேரமும் இடமும் சுருங்கிவிட்டன. "வெட்டவெளிதானே, தள்ளித் தள்ளி ஓடிக்கலாம்" என்று 2020-ல் சொன்ன ஆலோசனையை அப்போது அப்படியே பின்பற்ற முடியவில்லை.

மாஸ்க் போட்டு ஓடினால் ஆக்சிஜன் குறையுமா?

வாட்ஸ்அப்பில் கொரோனா காலத்தில் சுற்றிய பயம் இது. 'நாம் விடும் கார்பன் டை ஆக்சைடையே திரும்பச் சுவாசிக்கிறோம், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும்' என்பார்கள்.

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் அளவு ஒரு நானோமீட்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர். மாஸ்க் துணியின் நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இவை எல்லாவற்றையும் விடப் பல மடங்கு பெரியது. அதனால் வாயுக்கள் தாராளமாகப் போய் வரும்.

'அப்போ வைரஸும் போயிடுமே?' என்று கேட்கலாம். வைரஸ் தனியாகப் பயணிப்பதில்லை. எச்சில் துளிகளிலும் நுண்துளிகளிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தத் துளிகள் துணியின் இழைகளில் மோதி நின்றுவிடுகின்றன. எல்லாமே நிற்காது, ஆனால் கணிசமான பகுதி நின்றுவிடும்.

அப்போ ஏன் மூச்சு முட்டுது?

மூச்சு முட்டுவது பிரமை இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். வேகமாக ஓடும்போது இது 100 லிட்டரைத் தாண்டலாம். அவ்வளவு காற்றையும் ஒரு தடுப்பு வழியாக இழுக்க, சுவாசத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். போதாததற்கு மாஸ்க்குக்குள் சூடும் ஈரமும் சேர்கின்றன. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். பத்து நிமிடத்தில் வியர்வையில் மாஸ்க் நனைந்துவிடும். நனைந்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடுவது போலத்தான் அது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 14 பேரை, களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், மாஸ்க் இல்லாமல் என மூன்று விதமாகவும் சோதித்ததில், ரத்த ஆக்சிஜனிலோ செயல்திறனிலோ குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. இது 2020-ல் வெளியானது.

அதே ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக்கில் 12 ஆண்களிடம் நடந்த ஆய்வில், எஃப்எஃப்பி2 மாஸ்க் போட்டபோது, உடல் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு சுமார் 13 சதவீதம் குறைந்தது. நம் ஊர் என்95-க்கு நிகரான ஐரோப்பிய வகை மாஸ்க் இது. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், துணி மாஸ்க்குடன் டிரெட்மில்லில் ஓடியவர்கள் 14 சதவீதம் குறைவான நேரமே தாக்குப்பிடித்தார்கள். வேகம் கூடக் கூட மூச்சுத் திணறலும் அடைபட்ட உணர்வும் அதிகமானதாகச் சொன்னார்கள்.

மூன்றுமே சிறிய ஆய்வுகள். பங்கேற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள். சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் இதுதான்: மாஸ்க் ஆரோக்கியமானவரின் ஆக்சிஜனை ஆபத்தான அளவுக்குக் குறைப்பதில்லை. ஆனால் உச்ச வேகத்தைக் குறைக்கலாம், மாஸ்க் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சிரமம். மெதுவான ஜாகிங்கில் இது சமாளிக்கக்கூடியதே. டைமிங் பார்த்து ஓடுபவர்களுக்குத்தான் உண்மையான பிரச்சினை.

சீனாவில் மாணவர்கள் இறந்தது உண்மையா?

2020 வசந்த காலத்தில் சீனாவில் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, விளையாட்டு வகுப்பில் மாஸ்க்குடன் ஓடிய 14 வயது மாணவர்கள் இறந்த செய்தி வந்தது. சில இடங்களில் ஓட்டத் தேர்வையே ரத்து செய்தார்கள். மரணங்கள் உண்மை. மாஸ்க்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் முடங்கியிருந்த உடலை ஒரே நாளில் முழு வேகத்துக்குத் தள்ளுவதும் ஆபத்துதான். லாக்டவுன் முடிந்து மறுபடி ஓடத் தொடங்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

திறந்தவெளியில் கொரோனா பரவுமா?

பரவும், ஆனால் மூடிய அறையை விட மிகக் குறைவாக. சீனாவில் தொற்றின் முதல் சில வாரங்களில் மூன்று பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்ட 318 பரவல் சம்பவங்களை ஆராய்ந்தபோது, அத்தனையும் கட்டடம், வாகனம் போன்ற மூடிய இடங்களில் நடந்தவை.

வேகமாக மூச்சு வாங்குவதும் மூடிய அறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா உதாரணம். 2020 பிப்ரவரியில் சோனான் நகரின் ஜும்பா வகுப்புகளில் தொடங்கிய தொற்று, 12 பயிற்சிக் கூடங்களோடு தொடர்புடைய 112 பேருக்குப் பரவியது. தொற்று இருந்த ஒரு பயிற்சியாளர் யோகா போன்ற மெதுவான வகுப்பையும் நடத்தினார். அதில் யாருக்கும் தொற்று வரவில்லை. மூச்சின் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

'ஓடுபவருக்குப் பின்னால் 10 மீட்டர் இடைவெளி வேண்டும்' என்ற படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். பெல்ஜியம், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் வெளியிட்ட கணினி உருவகம் அது. துளிகள் காற்றில் எப்படிப் பின்னோக்கி நகரும் என்பதைத்தான் அது கணக்கிட்டது. அந்தத் துளிகளால் எத்தனை பேருக்குத் தொற்று வரும் என்பதை அது சொல்லவில்லை. ஆனாலும் அதிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: ஒருவருக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி ஓடுங்கள்.

விதிகள் என்ன சொல்லியிருந்தன?

இங்கேதான் குழப்பம். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனிலேயே, உடற்பயிற்சியின்போது மாஸ்க் அணிய வேண்டாம், மற்றவர்களிடமிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருங்கள் என்றது. மூச்சு விடுவது சிரமமாகலாம், வியர்வையில் மாஸ்க் நனையும் என்பது அதன் விளக்கம்.

ஜிம்களைத் திறக்க 2020 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், வளாகத்துக்குள் எப்போதும் மாஸ்க் கட்டாயம் என்றது. ஆனால் பயிற்சி செய்யும் நேரத்தில் முடிந்தவரை ஃபேஸ் ஷீல்டு மட்டும் போதும், குறிப்பாக என்95 மாஸ்க் மூச்சுத் திணறலை ஏற்படுத்தலாம் என்றது. அடுத்த மாதமே, சுகாதாரத் துறைச் செயலாளர் ராஜேஷ் பூஷண், தனியாக சைக்கிள் ஓட்டுபவர் மாஸ்க் அணிய வேண்டும் என்று அமைச்சகத்தின் வழிகாட்டுதல் எதுவும் இல்லை, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து சைக்கிள் ஓட்டினாலோ உடற்பயிற்சி செய்தாலோ மாஸ்க்கும் இடைவெளியும் வேண்டும் என்று விளக்கினார்.

பாரிஸ் நகரம் 2020 ஆகஸ்டில் தெருவெங்கும் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியபோது, ஜாகிங் போகிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் விலக்கு அளித்தது.

நம் நடைபாதையில் நடைமுறை வேறாக இருந்தது. அபராத ரசீது போட்ட அலுவலரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கத்தை மொபைலில் காட்டி வாதாட முடியவில்லை. அவர் பார்த்தது ஒன்றுதான்: பொது இடம், முகத்தில் மாஸ்க் இருக்கிறதா, இல்லையா. மாஸ்க் பாக்கெட்டில் இருந்தது போட்டிருப்பதாக ஆகவில்லை.

சரி, நாம என்ன செய்யணும்?

மாஸ்க் விவாதத்தில் நாம் பெரும்பாலும் நம் மூச்சைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் காலை நடைபாதையில் அதிகம் இருப்பது ஓடுபவர்கள் அல்ல, நடப்பவர்கள். அதிலும் 'தினமும் நடக்கணும்' என்று டாக்டர் சொன்னதால் வரும் பெரியவர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள். 60 வயது தாண்டிய, இணைநோய் உள்ளவர்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ் போடுவதே 2022 ஜனவரி 10-ம் தேதிதான் தொடங்கியது. ஓடுபவர் தன் வேகத்தையும் பாதையையும் மாற்றிக்கொள்ளலாம். பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வரும் நம்மிடமிருந்து அவர்களால் சட்டென விலக முடியாது. மாஸ்க் போடும் முடிவு நம்முடையது, அதன் விளைவு அவர்களுக்கு. அதனால்:

மெரினா, பெசன்ட் நகர் மாதிரி கூட்டமான நடைபாதையில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். ஓடுவதற்கு சர்ஜிக்கல் அல்லது மெல்லிய துணி மாஸ்க் போதும். என்95-ஐ பஸ், ரயில், மருத்துவமனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேகப் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்றால் நடைபாதையை விட்டுவிடுங்கள். மொட்டைமாடி, அபார்ட்மென்ட் வளாகத்தில் ஆள் இல்லாத பகுதி ஆகியவை சரியான இடங்கள்.

மாற்று மாஸ்க் ஒன்றை எடுத்துப் போங்கள். நனைந்த மாஸ்க் காற்றையும் சரியாக விடாது, துளிகளையும் சரியாகத் தடுக்காது.

ஓடி முடித்ததும் வட்டமாக நின்று டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள். ஒருவரைத் தாண்டி ஓடும் இரண்டு விநாடியை விட, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசும் அந்தப் பத்து நிமிடம்தான் அதிக ஆபத்து.

ஜிம் டிரெட்மில்லுக்கு மாறுவது தீர்வு ஆகாது. மூடிய ஏ.சி. அறையில் மூச்சு வாங்குவதை விடத் திறந்தவெளி எப்போதும் மேல்.

யார் கூடுதல் கவனமாக இருக்கணும்?

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாஸ்க்குடன் வேகமாக ஓட வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், கண் இருட்டுவது போன்ற எந்த அறிகுறி வந்தாலும் உடனே நிறுத்துங்கள். 'மாஸ்க்காலதான் இப்படி இருக்கு' என்று நீங்களே முடிவு செய்துகொண்டு தொடர வேண்டாம்.

கொரோனா வந்து குணமானவர்கள், லேசான பாதிப்பாக இருந்தாலும், அறிகுறிகள் நின்று குறைந்தது ஏழு நாள் கழித்தே உடற்பயிற்சிக்குத் திரும்ப வேண்டும், முதல் இரண்டு வாரம் மிக மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2021-ல் வந்த மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒமைக்ரானை 'வெறும் சளிதான்' என்று நினைத்து ஐந்தாவது நாளே ஷூ மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்று காய்ச்சலோ தொண்டை வலியோ இருக்கிறதா? அப்போது மாஸ்க் போடணுமா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. ஓடப் போகாதீர்கள்.

மணல் மறுபடி திறந்தது, ஞாயிறும் திரும்பக் கிடைத்தது. நடைபாதையில் முன்னால் யாராவது நடந்துகொண்டிருந்தால், தாடையில் இருக்கும் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக் கொஞ்சம் விலகி ஓடுங்கள். ஜீப் வருகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இல்லை அது.